கற்பூரத்தை அணைத்த கை

மூன்று ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டொக்டரின் அறையில் அண்ணா, அவர் மனைவி, நான் மூவரும் இருந்தோம். அண்ணாவுக்குச் சில வாரங்களாக உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டிலும் மனமில்லை. இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த டொக்டர், ஈரலோடு தொடர்புடைய இரண்டு நொதியங்கள், அதாவது என்சைம்கள், அளவுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தண்ணி பாவிக்கிறனீங்களோ?"

"இல்லை டொக்டர். ஒருநாளும் தொட்டதில்லை."

"இஞ்ச வாற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. ஒரு மாதம் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ, திரும்பப் பாப்பம்."

அண்ணா சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை.

அண்ணாவின் மனைவியை மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தகப்பன் குடித்தே இறந்தவர். குடிக்காத மாப்பிள்ளை என்பதற்காகவே மச்சாள் அண்ணாவைக் கட்டச் சம்மதித்தார். கல்யாணத்துக்கு முன் நானும் அண்ணாவும் கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் இருந்தோம். பார்ட்டிகளில் அண்ணா ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிச் சோடாப் போத்தலோடு ஒரு மூலையில் நிற்பார். "உமக்குச் சூப்பியும் பூட்டித் தரட்டோ?" என்று, அதைக் குழந்தையின் பால்போத்தலாக்கி நண்பர்கள் பகிடி பண்ணுவார்கள். இதையெல்லாம் மச்சாளிடம் எடுத்துச் சொன்னேன்.

"நீங்கள் தம்பிதானே, விட்டுக்குடுப்பியளோ?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி அண்ணாவுக்கு முன்னால் நீட்டினார். "அணைச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

அண்ணா எதற்கும் சத்தியம் செய்யாதவர். சொன்ன சொல் போதும் என்பார். அன்று உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். மச்சாளின் முகம் தெளிந்தது. திரும்பி வரும்போது எங்கள் இருவருக்கும் சுடச்சுட வடை வாங்கித் தந்தார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது அறிக்கை வந்தது. நொதியங்கள் முன்னையதைவிட இரு மடங்கு. டொக்டர் இம்முறை எதுவும் கேட்காமல் ஸ்கான் எடுக்கச் சொல்லி எழுதினார். மச்சாளுக்கோ அந்த எண்கள் மட்டும்தான் கண்ணில் பட்டன. ஸ்கானுக்குக் காத்திருந்த நாட்களெல்லாம் அவர் அண்ணாவோடு கதைக்கவில்லை. "கடவுளிட்டயே பொய் சொல்லிப்போட்டார்" என்று என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

அண்ணா வேலையால் வந்ததும், செருப்பைக் கழற்றுமுன், நேரே மச்சாளுக்கு முன்னால் போய் நின்று வாயை ஊதிக் காட்டுவார். பகிடியாகத்தான் தொடங்கினார். பிறகு பகிடி போய், ஊதுவது மட்டும் மிஞ்சியது.

ஸ்கானில் பித்தப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை செய்யும் இளம் பெண் டொக்டர் எங்களை இருத்தி வைத்து விளக்கினார். கட்டி பித்தக்குழாயை அடைத்ததால்தான் நொதியங்கள் ஏறியிருக்கின்றன. குடித்தாலும் ஏறும், கல் அடைத்தாலும் ஏறும். "எதால ஏறினது எண்டு அந்த நம்பர் மட்டும் சொல்லாது அம்மா" என்றார்.

"அப்ப இவர் குடிக்கேல்லையோ?" என்று கேட்டார் மச்சாள்.

"இது அதால வந்ததில்லை அம்மா."

மச்சாள் அண்ணாவின் வலது கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். "குடிச்சிருக்கலாமே... குடிச்சிருந்தா எப்பிடியாவது நிப்பாட்டியிருப்பனே."

"இஞ்சரும், இனித் தொடங்கட்டோ?" என்றார் அண்ணா. யாரும் சிரிக்கவில்லை.

மார்கழியில் அண்ணா போய்விட்டார். மச்சாள் இன்றும் கோயிலுக்குப் போகிறார். கற்பூரத் தட்டு வந்தால் கும்பிடுவார். கையை மட்டும் நீட்டமாட்டார்.

பின்னர் ஒருநாள் அந்தப் பெண் டொக்டரைச் சந்தித்தபோது, இதை முன்பே கண்டுபிடிக்க வழியில்லையா என்று கேட்டேன். இந்த நோயை ஆரம்பத்திலேயே காட்டித்தரக்கூடிய நொதியங்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள், ஒன்று தனியே போதாது, சிலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெரியலாம், இன்னும் உறுதியாகவில்லை என்றார். அப்படி ஒன்று கிடைத்தால் பல உயிர்கள் தப்பும். அதோடு, அண்ணாவைப் போன்ற ஒருவர் தனக்கு மிஞ்சியிருக்கும் கொஞ்ச நாளில், மனைவிக்கு முன்னால் நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டியும் வராது என்று நான் நினைத்துக்கொள்வேன்.