பச்சைக் கல்

2003 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். மனைவி இறந்த பிறகு காபிக்குச் சின்னப் பாத்திரம் போதும். சட்டை இரண்டைத் துவைத்துப் போட்டுவிட்டு, வெள்ளைத் தட்டு, வலை, லென்ஸ் மூன்றையும் பைக்குள் வைத்து, எரியோடு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் நான். ஞாயிறுதோறும் அந்த ஊர் ஓடையில் கல் புரட்டிப் பூச்சி பார்ப்பேன்.

ஓடையை ஒட்டி ஒரு பெரியவர் தனியாகக் குடியிருந்தார். மதியம் அவரோடுதான் சாப்பாடு. வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் அது ஒன்றுதான்.

நகரத்துக் கழிவுநீர் ஓடையில் கலந்து, அவருடைய கிணற்றிலும் ஊறிவிட்டது. அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்துக் காலெல்லாம் சொறி. திருப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் என் பழைய மாணவன். முந்திய நாள் போன் செய்திருந்தான்: "மழைக்குப் பிறகு தண்ணி தேறிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க சார். தேறலைன்னா அப்பாவ இங்க கூட்டிட்டு வந்துர்றேன்."

நான் போனபோது பெரியவர் ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தார். புதுமழையில் தண்ணீர் தெளிந்து, அடிமணல் தெரிந்தது.

"சார், அந்தா அந்தப் பச்சக் கல்லப் புரட்டுங்க."

புரட்டினேன். வாலில் மூன்று இழைகள் கொண்ட தட்டையான இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல தண்ணீரில் மட்டுமே பிழைப்பவை என்று பெரியவரிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த ஓடையில் நான் ஒருமுறைகூடக் காணாதவை.

பக்கத்துக் கல்லைப் புரட்டினேன். கறுப்புச் சளி, அதற்குள் நெளியும் சிவப்புப் புழுக்கள். காற்றே இல்லாத சாக்கடையிலும் வாழ்பவை அவை. ஓடையில் மேலே, கீழே, வேறு எந்தக் கல்லிலும் அவைதான். பச்சைக் கல் மணலில் அழுந்தவே இல்லை. அதிலிருந்த பூச்சிகளிலும் பாதி செத்திருந்தன.

"அண்ணே, இந்தக் கல்லு எங்க உள்ளது?"

அவர் சிரித்துவிட்டார்.

"சிறுமலை அடிவாரத்து ஓடையில எடுத்தேன். வாளித் தண்ணியில போட்டு மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். கண்டக்டரு, என்ன பெருசு, மீனான்னான். கல்லுன்னேன். அதுக்கப்பறம் எம்பக்கமே திரும்பலயே அவன்!"

நானும் சிரித்தேன்.

"தண்ணி கண்ணாடி கணக்கா இருக்குல்ல சார்? நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவன் உங்க பேச்சத்தான் கேப்பான்."

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. சொன்னால் அடுத்த ஞாயிறும் எனக்கு உண்டு. ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் வரை ஏறியிருந்த சொறி கண்ணெதிரே தெரிந்தது.

"தெளிவு மழைத் தண்ணியோடதுண்ணே. அது நாலு நாள்ல போயிரும். இந்தச் சிவப்புப் புழு இங்கயே பொறந்து இங்கயே கெடக்குது. அது சொல்றதுதான் நெசம்."

"இம்புட்டுப் புழுவும் எனக்கு எதிரா சாட்சி சொல்லுதாக்கும்" என்றார். சாப்பிட உட்கார்ந்தோம். கத்திரிக்காய் வெஞ்சனத்தை என் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் போயிட்டா யாரோட மல்லுக்கட்டுவீக?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

கிளம்பும்போது வரப்பு வரை வந்தார். "கட்டிலும் பீரோவும் கெடக்கு. டவுன்ல ஒரு வண்டி பேசி விடுங்க சார்."

இரவு அவர் மகனுக்குப் போன் செய்து, தண்ணீர் தேறவில்லை என்றேன். கல்லைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், காபிகூடப் போடாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். திருப்பூருக்கு வாடகை பேசி முடித்ததும் டிரைவர், "சாமானோட எத்தன பேரு சார் வாரீக?" என்று கேட்டார்.

"ஒருத்தர்தான்" என்றேன்.