மழைத் தண்ணி மட்டும்

என் மேசையில் மூடி துருப்பிடித்த ஒரு காப்பித்தூள் டப்பா இருக்கிறது. உள்ளே இரண்டு கைப்பிடி காய்ந்த சேறு. மேலே ஒட்டிய தாளில் பென்சில் எழுத்து: 'மழைத் தண்ணி மட்டும்'. எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளர் எழுதியது.

ஊருக்கு வெளியே, பொம்மசந்திராவைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அதன் உச்சிக் குழியில் மழைநீர் தேங்கிய இரண்டாம் நாளே புள்ளி புள்ளியாக ஏதோ துடிக்கும். இரண்டு வாரத்தில் நகத்தளவு வளர்ந்து, பதினொரு ஜோடிக் கால்களை அலையலையாக அசைத்து மல்லாந்தபடி நீந்தும். மூச்சும் இரையும் அந்தக் கால்களால்தான். பாடநூலுக்கு ஃபேரி ஷ்ரிம்ப். உதவியாளருக்கு மல்லாந்த இறால். "எச்.ஓ.டி. மாதிரிதான் சார், மல்லாக்கப் படுத்துக்கிட்டே பொழப்ப ஓட்டுது" என்பார், துறைத்தலைவனான என் முகத்தைப் பார்த்தே. குழி வற்றுமுன் முட்டைகளைச் சேற்றில் விட்டுவிட்டு அவை செத்துப்போகும். முட்டைகள் வெயிலில் வறுபட்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரே மழைக்கு எல்லாம் பொரிக்காது. ஒரு பங்கு அடுத்த மழைக்கென்று காத்திருக்கும்.

இதையெல்லாம் முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். அந்தப் பாறையை உடைத்துக் கட்டடம் எழுப்ப இருந்தவர்கள் அங்கே என்னென்ன உயிரினங்கள் உண்டு என்று அரசுப் படிவத்தில் எழுதித்தர, ஒரு கோடையில் கார் அனுப்பி என்னை அழைத்தார்கள். அதற்குமுன் யாரும் என்னை நிபுணர் என்று சொன்னதில்லை. குழி சுக்காய்க் காய்ந்து கிடந்தது. உடன் வந்த உதவியாளர் என் காதருகே, "ஒரு மழை வரட்டும் சார், அப்புறம் எழுதுங்க" என்றார். படிவத்தில் நீர்வாழ் உயிரினங்கள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்று சொல்லிக்கொண்டேன்.

வெடி வைப்பதற்கு முந்தைய நாள் அவர் துடைப்பத்தோடு போய்க் குழியைக் கூட்டி அள்ளி வந்தார். "ஊத்திப் பாருங்க சார், வரும்" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார். நான் ஊற்றவில்லை. பொரித்துவிட்டால் என் கையெழுத்து பொய்யாகிவிடும்.

ஓய்வுபெற்ற பின், நுரையீரல் கெட்டு பொம்மனஹள்ளி வீட்டில் படுத்திருந்த அவரை ஒரே ஒருமுறை பார்க்கப் போனேன். மூச்சிரைக்க, "வந்துச்சா சார்?" என்றார். எது என்று நான் கேட்கவில்லை.

"ஊத்திப் பாத்தேன். வரலைப்பா."

கூரையைப் பார்த்தபடி, "நான்தான் சரியா கூட்டல போல. அடிச்சேறு விட்டுப்போயிருக்கும்" என்றார். மறுவாரம் போய்ச்சேர்ந்தார்.

அதற்குப் பின் பெய்த முதல் மழையை மொட்டைமாடியில் பேசின் வைத்துப் பிடித்து, ஒரு பிடி சேற்றைப் போட்டேன். இரண்டாம் நாள் காலை தண்ணீரெங்கும் புள்ளிகள் துடித்தன. அவர் சரியாகத்தான் கூட்டியிருந்தார்.

அவற்றைக் கொண்டுபோய் விட இன்று பாறை இல்லை. ஆண்டுதோறும் பெண் இறால்களின் பையில் முட்டை தெரியும்வரை பார்த்திருந்து, அவை முட்டைகளை விட்டுச் செத்ததும் தண்ணீரைக் காயவிட்டு, அடிச்சேற்றையும் விடாமல் சுரண்டி டப்பாவில் போட்டு மூடுகிறேன். மூடியில் பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. 'இல்லை' என்று எழுதிய கையால் அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.