வரவேண்டிய மொய்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு என்று எதுவும் என் வீட்டில் நடந்ததில்லை. ஆனால் சொந்தக்காரர், தெரிந்தவர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குக்கூட நான் மொய் செய்யாமல் இருந்ததில்லை. நேரில் மட்டும் போகமாட்டேன். போனால் பந்தியில் யாராவது “இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்காது. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் ஐநூற்றொன்றோ ஆயிரத்தொன்றோ அனுப்பிவிடுவேன்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் நான். யாருக்கும் கடன்படாதவள் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. அப்பா படுக்கையில் கிடந்தபோது செக்கானூரணியிலிருந்து பெரியப்பா மகன் வைத்தியச் செலவுக்கு வைத்துக்கொள் என்று பணம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே பஸ் ஏறிப் போய் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணன் முகம் அன்றைக்குச் சுருங்கிப்போனது. எனக்கு அது உறைக்கவில்லை.

வண்டியூர்ப் பக்கம் வாங்கிப்போட்டிருந்த இடத்தில் போன வருடம் வீடு கட்ட ஆரம்பித்தேன். சமையலறைக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்துவிட்டது. சுவர் பூசவில்லை, மேடை போடவில்லை. என் தங்கைதான் யோசனை சொன்னாள். பால் காய்ச்சு, பத்திரிகை அடி, எல்லோரையும் கூப்பிடு, இத்தனை வருடம் செய்த மொய் திரும்பி வந்தால் சமையலறை முடிந்துவிடும் என்றாள்.

யோசனை நியாயமானதுதான். எங்கள் பக்கத்தில் மொய் வாங்கியவர்கள் நம் வீட்டு விசேஷத்தில் அதைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்யவேண்டும். விசேஷமே வைக்காத என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது வந்து சேராது. வாங்கியவர்கள் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள் என்று எனக்கு நெடுநாளாகவே கடுப்பு. யார் யாருக்கு எவ்வளவு செய்தேன் என்று ஒரு பட்டியல் எடுப்பது, பால் காய்ச்சுகிற அன்று அதைக் கையில் வைத்துக்கொள்வது, திருப்பிச் செய்யாதவர்களோடு அத்தோடு உறவை முறித்துக்கொள்வது என்று முடிவுகட்டினேன். வீராப்பாகத்தான் முடிவுகட்டினேன்.

பட்டியலுக்காகக் கம்ப்யூட்டரில் வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். எட்டு வருட வங்கிக் கணக்கை அதில் ஏற்றியதும் மூவாயிரத்துச் சொச்சம் வரிகள் ‘வகைப்படுத்தாதவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்து குவிந்தன. பால் பாக்கெட்டும் காஸ் சிலிண்டரும் கல்யாண மொய்யும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு வரியைத் திறந்து, தலைப்பை மாற்றி, சேமித்து, அடுத்ததைத் திறந்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம் பார்த்தால் மூன்று மாதத்தைத்தான் தாண்டியிருந்தேன். இடுப்பு விட்டுப்போனது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் டீச்சரிடம் புலம்பினேன். “அக்கா, எம்புட்டு நாளைக்கு இப்பிடி ஒண்ணொண்ணா மாத்துவீங்க?” என்று சிரித்தார். தேடும் பெட்டியில் ஒரு சொல்லையோ தொகையையோ போட்டால் அது இருக்கிற வரிகள் மட்டும் வரும். முதல் வரியைத் தொட்டு, ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு கடைசி வரியைத் தொட்டால் மொத்தமும் தேர்வாகிவிடும். அப்புறம் தலைப்பை ஒரே தடவை மாற்றினால் போதும். தயிர்சாத டப்பாவை மூடுவதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டார். அந்த டீச்சருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வாடகை வீட்டில் மறுபடி உட்கார்ந்தேன். பால்காரர், மின்சாரம், மளிகை எல்லாம் அரைமணி நேரத்தில் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. மொய்யை எப்படிப் பிரிப்பது என்று யோசித்தபோது, மொய்த் தொகையோடு ஒரு ரூபாய் சேர்ப்போமே, அது போதுமே என்று பட்டது. காய்கறிக்கு யார் ஐநூற்றொன்று கொடுக்கிறார்கள்? ‘வரவேண்டிய மொய்’ என்று புதுத் தலைப்பு வைத்து, 501 என்று தேடி, வந்ததையெல்லாம் மொத்தமாக அங்கே தள்ளினேன். அப்புறம் 201. அப்புறம் 1001.

ஒவ்வொரு தடவையும் அந்தத் தலைப்பின் மொத்தத் தொகை ஏறவேண்டும். முதலில் ஏறிய தொகை, கடைசியாக 1001-ஐத் தள்ளியதும் சரசரவென்று இறங்கியது. மென்பொருளை நாலு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். நான் கொடுத்தவற்றோடு எனக்கு வந்தவையும் கலந்து, மொத்தத்தில் கழிந்திருந்தன. 201, 501, 1001 என்று மொத்தம் நாற்பத்தேழு வரிகள். எல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரே மாதத்தில். வயிற்றுக் கட்டிக்கு எனக்கு ஆபரேஷன் நடந்த மாதம் அது.

அப்போது என் போன் இருபது நாள் தங்கையிடம் இருந்தது. பில் எப்படிக் கட்டினாய் என்று கேட்டதற்கு, உன் கணக்கில் இருந்த பணத்திலேயே கட்டியாச்சு என்றாள். நானும் நம்பி என் சேமிப்புப் பழக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆசிரியர்கள் அறையில் மற்றவர்களுக்கு அறிவுரைகூடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் வரி செக்கானூரணி அண்ணன். கோரிப்பாளையத்தில் எனக்கு ரவிக்கை தைத்துக்கொடுக்கும் அக்கா பெயர் இருந்தது. அவர் மகள் நிக்காஹ்வுக்கு நான் இருநூற்றொன்றுதான் அனுப்பியிருந்தேன். அவர் போட்டிருந்தது ஆயிரத்தொன்று. ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. அந்த ஒற்றை ரூபாய் நல்ல காரியத்துக்குச் சேர்ப்பது. ஆஸ்பத்திரியில் கிடப்பவளுக்கு அப்படிச் சேர்த்து யாரும் கொடுப்பதில்லை. தங்கைக்குப் போன் போட்டேன்.

இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் சொன்னாள். “செக்கானூரணி அண்ணேதான் முதல்ல பில்லு எம்புட்டுன்னு கேட்டாரு. வைத்தியத்துக்குன்னு குடுத்தா நீ திருப்பி அனுப்பிருவ. மொய்யத் திருப்பி அனுப்ப முடியாதுல்ல? அதான் ஒத்த ரூவா சேத்துப் போட்டாரு. அதப் பாத்து எல்லாரும் அப்பிடியே போட்டாக. உங்கிட்டச் சொல்ல வேணாம்னாக.”

போனை வைத்துவிட்டு அழுதேன். இந்த மனிதர்களையா மறந்துவிட்டார்கள் என்று வைதுகொண்டிருந்தேன்? என் வறட்டுக் கௌரவத்தைக்கூடத் தொடாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் ‘செய்யவேண்டிய மொய்’ என்று இன்னொரு தலைப்பு வைத்தேன். அந்த நாற்பத்தேழு வரிகளை மட்டும் ஷிப்ட் பட்டனைத் தொடாமல், ஒன்றைத் திறந்து, பெயரைப் படித்து, மாற்றி, சேமித்து, அடுத்ததைத் திறந்து என்று மாற்றினேன். இடுப்பு வலிக்கத்தான் செய்தது.

பூசாத சமையலறையிலேயே பால் காய்ச்சினேன். நாற்பத்தேழு வீட்டுக்கும் நானே நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். மொய் மேசை போடவில்லை. செக்கானூரணி அண்ணன் வாசலில் தேடிவிட்டு, “மொய் எழுத ஆள் வைக்கலையா?” என்று கேட்டார்.

“நீங்க ஆஸ்பத்திரியிலயே எழுதிட்டீங்கண்ணே. சாப்பிட வாங்க” என்றேன்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலையில் என்னையும் உட்காரச் சொன்னார். எதிர் வரிசையில் இருந்த பெரியம்மா, “இன்னும் ஒண்ணும் அமையலையா?” என்று ஆரம்பித்தார். நாற்பத்தேழில் அவருடையது இருநூற்றொன்று. இல்லை பெரியம்மா என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.