முந்தின ஆக்களின் காலம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் பாஸ்போட் அவரவர் கையில். பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோதுகூட அவர்களுடையது தாயின் பைக்குள்தான் போனது. விமான நிலையத்தில் மற்றத் தகப்பன்மார் குடும்பத்துப் பாஸ்போட்டுகளை ஒரு கட்டாக நீட்டுவார்கள். நான் என்னுடையதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பேன். "இவருக்குத் தன்ர மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று மனைவி எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். காரணம் சொன்னதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில், ஒரே மாதத்துக்குள் இரண்டு முறை எங்கள் ஊரை ஆண்டவர்கள் மாறினார்கள். யார் போய் யார் வந்தார்கள் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு பக்கத்தாருக்குக் கொண்டாட்டமாகிவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஊருக்குள் நடமாடத் தங்கள் பாஸ் ஒன்றைத் தந்தார்கள். போனவர்கள் திரும்பி வரலாம் என்பதால் பழையதை ஒருவரும் எறியவில்லை. சந்தியில் நிற்பவர்களின் உடுப்பைப் பார்த்து, பொருத்தமானதை எடுத்து நீட்டுவோம். அதில் நாங்கள் எல்லோருமே கைதேர்ந்த விண்ணர்கள்.

முதல் மாற்றம் முடிந்து சில நாட்கள். தம்பியின் சட்டைப் பை கிழிந்திருந்தது. அவனுடைய இரண்டு பாஸையும் என் பைக்குள் போட்டு, அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனேன். சந்தியில் மறித்தார்கள். பதற்றத்தில் நாலில் இரண்டை எடுத்துக் கொடுத்தேன். என்னுடையது சரி. அவனுடையது முந்தினவர்கள் கொடுத்தது.

"நீ போ" என்றான் ஒருவன். தம்பி என்னைப் பார்த்தான். நான் போனேன்.

பனங்கூடல் தாண்டி நின்று பையைத் தடவியபோதுதான் பிழை தெரிந்தது. அவனுடைய சரியான பாஸ் என்னிடம் இருந்தது. திரும்பிப் போய்க் காட்டியிருக்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. போகவில்லை. பயந்தேன், வேறு காரணம் இல்லை. அம்மாவிடம் "சும்மா பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றேன். பாஸை வீட்டிலிருந்த பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். சில மாதம் கழித்து, நாட்டை விட்டு வெளிக்கிட முதல் நாள் தேடினேன். அது அங்கே இல்லை. எங்கே விழுந்திருக்கும் என்ற யோசனை பிறகு என்னை விடவில்லை.

அம்மா தம்பியைத் தேடி அலுவலகம் அலுவலகமாக, ஒவ்வொரு கந்தோராக நடந்தார். கதிரையில் இருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், பதில் மட்டும் மாறவில்லை. "அது முந்தின ஆக்களின்ர காலம்" என்றே எல்லோரும் சொன்னார்கள். தம்பி வரவில்லை.

நான் வந்து சேர்ந்த பீலெஃபெல்ட் நகரில், ஜெர்மன் சபையின் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும். 2008இல் ஊரில் திரும்பவும் சண்டை. அரசுகள் வரும் போகும், கர்த்தருடைய அரசு மட்டும் மாறாது என்று போதகர் சொன்னபோது, முன்வரிசையில் அழுதுகொண்டிருந்த அக்காமார் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தார்கள். எனக்குக் குளிர் பிடித்தது. மாறாத அரசு என்றால் மறக்காத அரசு. இங்கே இத்தனை வருடத்தில் எத்தனையோ படிவம் நிரப்பினேன், உன் தம்பி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். நான் நம்பிக்கை இல்லாதவன் என்று நினைக்க வேண்டாம். முழுதாக நம்பினேன், அதனால்தான் பயந்தேன்.

அந்த வருடம்தான் எனக்கும் மனைவிக்கும் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. பத்திரம் வாங்கப் போன அன்று மனைவியின் கைப்பை ஜிப் உடைந்துவிட்டது. "ஒருநாளைக்கு இதையும் வச்சிருங்கோ, ஒண்டும் குறையாது" என்று தன் பாஸ்போட்டை என் கோட்டுப் பைக்குள் திணித்தாள். அலுவலகத்துக்குள் போனதும் வழக்கம்போல எந்தக் கொடி நிற்கிறது என்று பார்த்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துக்கொண்டு கையை நீட்டினாள். இரண்டு பாஸ்போட்டும் என் கையில் இருந்தன. கொடுக்க முடியவில்லை. விரல்கள் இறுகிவிட்டன. மனைவிதான் என் விரல்களைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள்.

சட்டங்களை மதிப்பேன் என்று உறுதி வாசித்து, பத்திரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். வீட்டுக்குப் போகும் டிராமில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமியிட்டச் சொன்னனீங்களே?"

"இல்லை."

"அப்ப என்னட்டச் சொல்லி என்ன? அவவிட்டச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரமே யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நாலு பாஸ், பனங்கூடல், பயம், ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"தெரியும் மோனை" என்றார் அம்மா. "அடுத்த ஞாயிறே பாட்டுப் புத்தகத்துக்க கண்டனான்."

"ஏனம்மா என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீ அதைக் கொண்டு அவங்களிட்ட ஓடியிருப்பாய். உன்னையும் பறிகுடுக்க என்னால ஏலாது. நானே கொண்டு போனனான். போய்ப் பாத்தா அவையளும் மாறிட்டினம். இந்தப் பாஸ் இப்ப செல்லாது, அது முந்தின ஆக்களின்ர காலம் எண்டாங்கள்."

இருபது வருடமாகத் தெரிந்தும் அவர் ஒருமுறைகூட என்னிடம் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

"இப்ப அது எங்கயம்மா?"

"வேதப் புத்தகத்துக்க. நான் செத்தா பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லிப்போட்டன். கொண்டு போகவேணும்."

"அங்க பாஸ் கேக்க மாட்டினம் அம்மா."

"கர்த்தர் கேக்க மாட்டார். நான்தான் கேப்பன், என்ர பிள்ளை எங்க எண்டு. முந்தின ஆக்களின்ர காலம் எண்டு சொல்ல அவருக்கு ஏலாது."