சாவியம்மாவும் இரண்டாவது சாவியும்

எங்கள் அண்ணிக்குச் சாவியம்மா என்று பெயர் வைத்ததே அண்ணன்தான். டிராக்டர் ஓட்டுவதில் இந்த வட்டாரத்தில் அண்ணியை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் வாய் கொப்பளிக்க இறங்கினால்கூட, பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கத்திகளைச் சுற்றவைக்கும் லிவரை விடுவித்துவிட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, மேலே போட்டிருக்கும் ஆண்சட்டையின் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது.

அண்ணன் நேர் எதிர். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பறப்பவன். ஒருமுறை அண்ணி சாவியும் சட்டைப்பையுமாகப் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். டிராக்டர் நாள் முழுக்க நடுவயலில் நின்றது. மறுநாள் காலை அண்ணன் என் மெக்கானிக் கடைக்கு வந்தான்.

"இன்னொரு சாவி வெட்டிக் குடுடா. அவகிட்ட மூச்சு விடாதே."

வெட்டிக் கொடுத்தேன். புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இன்னும் பாதி வயல் பாக்கி. ரோட்டவேட்டர் கத்திகளில் பழைய வேலிக்கம்பி ஒன்று சுற்றிக்கொண்டது. அண்ணி வழக்கம்போல எல்லாம் செய்துவிட்டு, ரோட்டவேட்டருக்கு முட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டு, கட்டிங் பிளேயரோடு குனிந்து கத்திகளுக்கு நடுவே கைவிட்டார். எதிர்ப்பக்கமிருந்து வந்த அண்ணனுக்கு ஆளில்லாத சீட் மட்டும்தான் தெரிந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று ஒரே தாவலில் ஏறித் தன் சாவியைப் போட்டான்.

நான் டீசல் கேனோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். "அண்ணே, வேணாம்" என்று கத்தினேன். காற்று என் குரலை அந்தப் பக்கம் போகவிடவில்லை. இன்ஜின் உறுமியது. கேனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கத்திகள் அசையவில்லை. லிவரைத்தான் அண்ணி முதலிலேயே விடுவித்திருந்தாரே.

கன்னமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்த அண்ணி, பொத்தானைக் கழற்றிப் பைக்குள் பார்த்தார்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. வண்டி எப்படிங்க ஓடுது?"

அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். அண்ணியைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். நானே சொன்னேன்.

"நான்தான் வெட்டிக் குடுத்தேன் அண்ணி. மன்னிச்சிடுங்க."

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அண்ணன் எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எண்ணிக்கோங்க."

அண்ணன் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினான். பத்து வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினான், கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்தது. அதைப் பார்த்து அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் அண்ணனும் அழுதபடியே சிரித்தான். அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் மூன்று பேரும் சிரித்ததே இல்லை.

"கம்பி இன்னும் பாதி இருக்கு, நீங்க எடுங்க" என்றார் அண்ணி, பிளேயரை நீட்டி. இரண்டு சாவிகளையும் அண்ணன் சட்டைப்பையில் போட்டு, பொத்தானை அவரே மாட்டிவிட்டார். "கை உள்ள இருக்கறவங்ககிட்டதான் சாவி இருக்கணும்."

மழை பிடித்துக்கொண்டது. அண்ணி வெறுங்கையோடு நனைந்துகொண்டே நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக அவசரமில்லாமல் வேலை செய்த என் அண்ணன், கம்பியை ஒரு சுற்று வெட்டுவதும் பையைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தான்.