சுவரை எடுக்காமல் விட்டவர்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் கணவருக்கு, இரும்புலியூர் வீட்டு ஹாலில்தான் கட்டில் போட்டோம். சமையலறையில் நின்றால் அவர் தெரியமாட்டார், நடுவே சுவர். அடுப்பை விட்டுவிட்டு ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருவேன். அந்தச் சுவரை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சேலையூரில் என் தோழி வீட்டை அழகாக அமைத்துக் கொடுத்த பெண்ணை வரவழைத்தேன். அவரை ஆர்க்கிடெக்ட் என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்குப் படம் வரைபவர்கள் எல்லோரும் எனக்கு ஒன்றுதான். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடியில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

"அக்கா, நான் படிச்சது இன்டீரியர் டிசைன். கப்போர்டு எங்க வரணும், லைட் எங்க வரணும்னு சொல்லுவேன். இந்தச் சுவரை எடுக்கலாமான்னு சொல்ற படிப்பு எனக்கு இல்ல."

கையில் வந்த வேலையை விடுகிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும்தான்.

அவரே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அனுப்பினார். கட்டடத்தின் எடை எதன்மேல் நிற்கிறது என்று கணக்குப் போடுவது அவர் தொழில். மாடியின் பாரம் அந்தச் சுவர்மேல்தான் இருக்கிறது, எடுப்பதானால் இரும்பு பீம் வைக்க வேண்டும், அந்த வேலை முடியும்வரை மாடியில் யாரும் குடியிருக்க முடியாது என்றார். மாடி வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை நேரம். நான் ஆசையை விட்டேன்.

அந்த டிசைனர் பெண் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஆர்க்கிடெக்ட் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை. எதற்காகச் சுவரை எடுக்க வேண்டும் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"சமைக்கும்போது இவர் முகம் தெரியணும் சார்" என்றேன்.

அவர் அடுப்பின் முன் நின்று பார்த்தார். கட்டிலில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்தார். சுவர் இருக்கட்டும், அடுப்புக்கு நேராக ஒரு ஜன்னல் அளவுக்குத் திறந்தால் போதும் என்றார். ஆனால் அகலத்தை அவராக முடிவு செய்யவில்லை. இன்ஜினியர் எவ்வளவு திறக்கலாம் என்று சொன்னாரோ அதற்குள்தான் வரைந்தார். திறப்புக்கு மேலே பாரம் தாங்க கான்கிரீட் லிண்டல் வந்தது. மரச்சட்டமும் தட்டு வைக்க ஒரு பலகையும் டிசைனர் பெண்ணின் வேலை. மாடியில் யாரும் பெட்டி கட்டவில்லை.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொன்ன அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

திறப்பு முடிந்த மறுநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு எரியுதா? ஃபேனைப் போடு" என்றார், குழறலாக.

போட்டேன்.