இருநூற்று நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

சுவாங் போ-ருயி பதினோரு வருடமாக ஒரே வேலையைத்தான் செய்கிறான். சோங்ஹெ நகரில், கம்ப்யூட்டருக்குள் செருகும் கிராபிக்ஸ் கார்டு செய்யும் ஒரு கம்பெனியில், அட்டைப்பெட்டியின் பின்பக்கம் அச்சாகும் விவரப் பட்டியலை எழுதுவது. நினைவகம் பன்னிரண்டு ஜிபி, மின்சாரம் இருநூறு வாட், எட்டு பின் இணைப்பு ஒன்று, நீளம் இத்தனை மில்லிமீட்டர். விலை உயர்ந்த கார்டுக்கு விளம்பரமே போதும். நடுத்தர விலையில் வாங்குகிறவன்தான் பட்டியலை வரிவரியாகப் படிப்பான், அவனிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவன் கட்சி.

இந்தக் குணத்தோடு பெண் பார்க்கப் போனால் என்ன ஆகும்? ஒரு பெண் தன் வீடு ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்றாள். இவன் நடந்து பார்த்துவிட்டு, பதினொன்று என்றான். நுணலும் தன் வாயால் கெடும். முப்பத்தொன்பது வயதுக்குள் பத்து இடம் தட்டிப்போயிற்று.

பதினோராவது பெண்ணைப் பார்க்க நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போனபோது, அத்தை மெய்-ஜின் அவனை வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னிக்கு உன் வாயிலேருந்து ஒரு நம்பர் வந்துச்சு, நான் அப்படியே பஸ் ஏறிருவேன்."

பெண் பெயர் ஃபான் யி-வென். தாவ்யுவானில் கம்ப்யூட்டர் கேபினட் செய்யும் கம்பெனியில் வேலை. டீ வந்தது. போ-ருயி தன் கம்பெனி எது என்று சொன்னதும், அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்க கார்டு நீளத்தை யாருங்க எழுதறது?"

அத்தை மேசைக்கடியில் உதைத்தாள்.

"நான்தாங்க."

"போன வருஷ கார்டுக்கு இருநூத்தி நாப்பத்திரெண்டுன்னு போட்டிருந்தீங்க. எங்க கேபினட்டுல இருநூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும் இடம். தாராளமா போகும்னு எழுதிக் குடுத்தேன். போகலை. நானூறு பெட்டி திரும்பி வந்துச்சு. நான் சரியா பாக்கலைன்னு டிசைன்லேருந்து தூக்கி, புகார் போன் எடுக்கிற சீட்டுல உக்கார வெச்சுட்டாங்க. பத்து மாசமாச்சு."

அந்தக் கார்டு அவனுக்கு நன்றாகத் தெரியும். முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் விடுமுறைக்கு முந்தின நாள். பட்டியல் அன்றே அச்சுக்குப் போக வேண்டும். விசிறியை மூடும் பிளாஸ்டிக் உறையோ வந்து சேரவில்லை. வரைபடத்தைப் பார்த்து எழுதிவிட்டான். பதினோரு வருடத்தில் அளக்காமல் எழுதியது அது ஒன்றுதான். பிறகு வந்த உறை ஏழு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி இணையப் பக்கத்தில் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றியது. அவனும் வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

"அது இருநூத்தி நாப்பத்தொம்பது. நான் அளக்கலைங்க."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

போ-ருயி மேசை மேலிருந்த ஆர்டர் சீட்டைத் திருப்பினான். கார்டின் பெயர், சரியான நீளம், தவறு தன்னுடையது, ஃபான் யி-வென்னுடையது அல்ல என்று எழுதினான். ஆபீஸ் காகிதங்களில் கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் பெயர் முத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

"வெச்சீங்கன்னா உங்க வேலை போயிரும்," என்றாள் யி-வென்.

"போகலாம்."

"டேய், நாளைக்கு வெச்சுக்கலாம்டா," என்றாள் அத்தை.

வைத்தான்.

யி-வென் அதை இரண்டு தடவை படித்தாள். "பத்து மாசத்துல ஒருத்தர்கூட எங்கிட்ட இதைச் சொல்லலை." அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

முந்தைய பத்துப் பெண்களும் டீ குடித்ததோடு எழுந்து போனவர்கள். யி-வென் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு கடைக்காரரிடம் வேறொரு ஆர்டர் சீட்டு கேட்டு வாங்கி, மாட்டுக்கறி நூடுல்ஸ் மூன்று என்று எழுதினாள்.